கூகிள் அனலிடிக்ஸை விட்டு மட்டோமோவுக்குப் போனது: கன நாள் பாவிச்ச பிறகு எழுதிறன்

கூகிள் அனலிடிக்ஸும் மட்டோமோவும் வெப்சைட்டுக்கு வாறவையைக் கணக்கெடுக்கிற சாமான்கள். எங்கட ஊர் வெப்சைட்டை நான் தான் பாக்கிறன். கிளிநொச்சியில இருந்து உள்ளுக்க போற ஊர், சனத்தில பாதி இஞ்ச, மிச்சம் கனடா, சுவிஸ், பிரான்ஸ், லண்டன் எண்டு. சைட்டில கிடக்கிறது மரண அறிவித்தல், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிக்கூட றிசல்ட், இரணைமடுக் குளத்தில தண்ணி எப்ப திறக்கினம் எண்ட கமக்காரர் கூட்ட முடிவு, பேந்து காணாமல் ஆக்கப்பட்ட ஆக்களின்ர படங்கள் போட்ட ஒரு பக்கம். இந்தக் கடைசிப் பக்கத்தால தான் பிரைவசி எண்டதை நான் வடிவா யோசிக்க வேண்டி வந்தது, மற்றும்படி திருவிழா நோட்டீசை ஆர் பாத்தா என்ன.

முதல் எல்லாரையும் போல கூகிள் அனலிடிக்ஸ் தான். அதின்ர பழைய பதிப்பு யூனிவேர்சல் 2023 யூலை 1ஓட புதுத் தரவு எடுக்காது, அடுத்த வருசம் பழைய றிப்போட்டும் பாக்கேலாது எண்டு அறிவிச்சிட்டாங்கள். அதுக்குப் பதிலா வந்த ஜிஏ4 முழுக்க வேற சாமான், எப்பிடியும் புதுசாத்தான் பழகோணும், அப்ப ஏன் வேற ஒண்டைப் பழகக்கூடாது எண்டு தேடத் தொடங்கினன். எங்கட வாசகர் கனபேர் ஐரோப்பாவில. 2022 தொடக்கத்தில ஒஸ்திரியாவும் பிரான்சும் கூகிள் அனலிடிக்ஸ் தரவை அமெரிக்காவுக்கு அனுப்பிறது ஜிடிபிஆர் எண்ட ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பொருந்தாது எண்டு சொன்னவை (2023 யூலையில ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில புது உடன்பாடு வந்தபிறகு அந்த வாதம் கொஞ்சம் தளர்ந்திட்டுது, அதையும் சொல்லத்தான் வேணும்). எங்கட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு. எண்டாலும் சட்டத்துக்குப் பயந்து மாறினன் எண்டு சொன்னால் பொய்.

பிளோசிபிள் எண்ட சாமான் நல்லாப் பிடிச்சிருந்தது, பக்கத்தில போடுற ஸ்கிரிப்ட் நல்லாச் சின்னன், குக்கீயே (வாறவையை அடையாளம் வைக்க அவையின்ர பிறவுசரில போடுற சின்னக் குறிப்பு) இல்லை, ஆனா அவங்கட சேர்வரில போட்டால் மாதாமாதம் வெளிநாட்டுக் காசு கட்டோணும், எங்கட சங்கத்துக்கு அதுக்கு கார்ட்டும் இல்லை. உமாமி எண்டதுக்கு சேர்வரில நோட்ஜேஎஸ் எண்ட மென்பொருள் வேணும், எங்களிட்ட இருக்கிறது கனபேரோட ஒரு சேர்வரைப் பங்குபோடுற சும்மா ஷெயார்ட் ஹோஸ்டிங். மட்டோமோவுக்கு அப்பிடியான ஹோஸ்டிங்கில வழமையா இருக்கிற பிஎச்பியும் மைஎஸ்கியூஎல்லும் காணும், 2007இல பிவிக் எண்ட பேரில வந்த பழைய சாமான் தான், சொந்த சேர்வரில போட்டால் இலவசம். பழைய கணக்குகளை எக்ஸெலில இறக்கி வைச்சிட்டு மாறியாச்சு.

போட்ட உடன நல்லது எண்டு நினைக்காதேங்கோ. சொந்த சேர்வரில இருக்கு எண்டதால மட்டும் ஒண்டும் பிரைவேட் ஆகாது. மட்டோமோவில விசிட்ஸ் லொக் எண்டு ஒண்டு இருக்கு, ஒவ்வொருத்தர் எந்தப் பக்கத்தை எந்த நேரம் திறந்தவை எண்டு வரிசையாக் காட்டும். அதில ஆரோ ஒராள், பிரான்சில ஒரு சின்ன ஊர், இரவில ஒவ்வொரு நாளும் வந்து அந்தப் படங்கள் இருக்கிற பக்கத்தில ஒரே ஒரு படத்தைத் திறந்து கனநேரம் நிக்கினம், வேற ஒண்டும் பாக்கிறேல்லை, போயிடுவினம். அந்த ஊரில எங்கட ஆக்கள் எத்தினை குடும்பம் எண்டு எனக்குத் தெரியும், அப்ப அது ஆர் எண்டதும் தெரிஞ்சு போச்சு. எனக்கு அது தெரியவே வேண்டாம். அண்டைக்கே லொக்கையும் விசிட்டர் புரொபைலையும் செட்டிங்ஸில மூடினன், அதை மூடுறதுக்கெண்டே ஒரு ஒப்ஷன் இருக்கு. குக்கீயை நிப்பாட்டினன், ஐபியில (இன்டர்நெட்டில ஒவ்வொரு இணைப்புக்கும் இருக்கிற இலக்கம்) கடைசி இரண்டு பகுதியை மறைச்சு, நாடு பிடிக்கிறதுக்கும் அந்த மறைச்ச ஐபியைத்தான் பாவிக்கச் சொல்லி விட்டன், பழைய மூலத் தரவு தானா அழியிற மாதிரி வைச்சன். இப்ப மொத்தக் கணக்கு மட்டும் தான் நிக்கும்.

இதால என்ன இழந்தம் எண்டு கேட்டால், ஊர்ப்பெயர் போச்சு, திரும்பி வாற ஆள் ஆர் எண்டது போச்சு. ஆனா இஞ்ச அது முதலும் உண்மையா இருந்ததோ எண்டு பாருங்கோ. போன் இன்டர்நெட்டில ஒரு பொது ஐபியைக் கனபேருக்குப் பிரிச்சுக் குடுப்பாங்கள், ஐபியை வைச்சு இடம் பிடிக்கிற டேட்டாபேஸ் எங்கட போனை அநேகமாக் கொழும்பு எண்டு தான் காட்டும், நீங்கள் முறிகண்டியில நிண்டாலும் சரி மாங்குளத்தில நிண்டாலும் சரி. பழைய றிப்போட்டில வாசகர் முக்கால்வாசி கொழும்பு எண்டு வரேக்க எங்கட தலைவர் ஐயா கொழும்புக் கிளை ஒண்டு திறப்பமோ எண்டு கூடக் கேட்டவர். குக்கீ இல்லாமல் எண்ணிறதிலயும் பிழை இருக்கு, ஒரே ஐபி, ஒரே மொடல் போன், ஒரே பிறவுசர் எண்டால் இரண்டு பேரை ஒராளா எண்ணிப்போடும், ஐபி மாறினால் ஒராளை இரண்டாவும் எண்ணும். அதால "எத்தினை ஆக்கள்" எண்டதை நான் இப்ப பாக்கிறதே இல்லை, எந்தப் பக்கம் எத்தினை தரம் திறபட்டது எண்டது மட்டும் தான். வைகாசியில வற்றாப்பளைப் பொங்கல் நேரம் ஏறுறதும், காலபோக நெற்செய்கை தொடங்கேக்க தண்ணிக் கூட்டப் பக்கம் ஏறுறதும் அதிலயே வடிவாத் தெரியுது, அதுக்கு மேல எங்களுக்கு என்னத்துக்கு.

பொருளாளர் அண்ணைக்கு மட்டும் இன்னும் மனவருத்தம்.

"தம்பி, இப்ப எத்தினை பேர் நிக்கினம் எண்டு உடன காட்டுமே, அது எங்க?"

"இருக்கு அண்ணை, நான் தான் மூடி வைச்சிருக்கிறன்."

"ஏன்டா, காசு கட்டோணுமோ?"

கரைச்சலும் இருக்கு. மட்டோமோ முதல் வாறது, றிப்போட்டைத் திறக்கேக்க தான் கணக்குப் போடுற மாதிரி, தரவு கூடக்கூட அது இழுபடும். கிரொன் ஜொப் (குறிச்ச நேரத்தில தானா ஓடுற வேலை) போட்டு இரவில கணக்கு முடிக்க விட்டால் காணும், சீபனலில (ஹோஸ்டிங்கை நடத்திற பக்கம்) அது சின்ன வேலை. அப்டேட்டையும் நீங்களே தான் பாக்கோணும், ஒருத்தரும் வந்து செய்து தரமாட்டினம், ஊர்ச் சைட் எண்டு ஹக் பண்ணுறவன் விடப்போறேல்லை. அட்பிளொக்கர் (விளம்பரத்தைத் தடுக்கிற சாமான்) போட்டவை கனபேர் கணக்கில வராயினம், அந்த அட்பிளொக்கர் மட்டோமோவையும் தடுக்கும், அது அவையின்ர விருப்பம், அதைச் சுத்திப் போக நான் ஒண்டும் செய்யேல்லை.

கனபேர் கவனிக்காத ஒண்டு, அனலிடிக்ஸை என்ன மாத்தினாலும் வெப்சேர்வரின்ர அக்சஸ் லொக் (ஆர் எந்தப் பக்கத்தைக் கேட்டவை எண்ட பதிவு) முழு ஐபியோட தன்ர பாட்டில எழுதிக்கொண்டு தான் இருக்கும். சீபனலில றோ அக்சஸ் எண்ட இடத்தில மாதாமாதம் ஆர்க்கைவ் பண்ணுறதை நிப்பாட்டி, பழசை அழிக்கச் சொல்லி விடுங்கோ. பொன்ட்டையும் (எழுத்துரு) கூகிளில இருந்து எடுக்காமல் எங்கட சேர்வரிலயே வைச்சிட்டம், அங்க இருந்து எடுத்தால் வாறவையின்ர ஐபி கூகிளுக்குப் போகும், 2022 தையில மியூனிக் கோர்ட் ஒண்டு இதுக்காக ஒரு சைட்காரருக்கு 100 யூரோ கட்டச் சொன்னது. யூடியூப் வீடியோவுக்கு நோ-குக்கீ முகவரி. மிச்சம் கிடக்கிறது எங்கட ஃபேஸ்புக் பக்கத்தைக் காட்டிற பெட்டி தான், அது நிக்கிற பக்கம் எல்லாத்திலயும் வாறவையை அங்க காட்டிக்குடுத்துக்கொண்டு தான் இருக்கும், படங்கள் இருக்கிற பக்கத்தில இருந்து மட்டும் எடுத்தாச்சு, முழுசா எடுக்கக் கமிட்டி விடேல்லை, வாற பொதுக்கூட்டத்தில திருப்பிக் கதைக்கோணும்.