சனிக்கிழமைக் கதை வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தில், ஒரு கடைவீட்டின் மாடியில் சனிக்கிழமை காலைகளில் நடைபெறும் தமிழ்க் கதை எழுதும் வகுப்பில் என் மகள் இவ்வாண்டின் தொடக்கத்தில் சேர்ந்தாள். தொடக்கநிலை 2, 3 மாணவர்களுக்கான வகுப்பு அது. ஒரு குழுவில் எட்டுப் பிள்ளைகளுக்கு மேல் சேர்ப்பதில்லை. ஒன்றரை மணி நேரத்துக்கு 40 வெள்ளி. தேர்வுக் கட்டுரைக்குத் தயார்செய்யும் துணைப்பாடம் என்று எண்ணிச் சேர்ப்பவர்களுக்கு ஏமாற்றமே மிஞ்சும். தன் பிள்ளை ஒரு கதையைத் தானாக யோசித்து, அதைத் தமிழில் எழுதிப் பார்க்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இந்த வகுப்பைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

நம் பிள்ளைகளுக்குக் கதை எழுதுவது ஏன் மலைப்பாக இருக்கிறது என்பதை இந்த ஆசிரியை நன்றாகப் புரிந்துவைத்திருக்கிறார். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, இங்குள்ள இந்தியர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் வீட்டில் அதிகம் பேசும் மொழி ஆங்கிலம். தமிழ் பேசும் வீடுகளிலும் பிள்ளையின் காதில் விழுவது பேச்சுத் தமிழ். தாளில் எழுதச் சொல்வதோ எழுத்துத் தமிழ். ஏழு வயதுப் பிள்ளை என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும், அதை எழுத்துத் தமிழுக்கு மாற்ற வேண்டும், லகர ளகர ழகரம் பிசகாமல் எழுத வேண்டும். இவை மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் முதலில் கைவிடப்படுவது கதைதான். வகுப்பறையில் பேச்சுத் தமிழுக்கு உரிய இடம் தர வேண்டும் என்று 2005ஆம் ஆண்டிலேயே தமிழ்ப் பாடத்திட்ட மறுஆய்வுக் குழு பரிந்துரைத்தது. வாய்மொழிப் பயிற்சியில் அதன் பலனைக் காண்கிறோம். எழுதும் பயிற்சிக்கும் பேச்சுத் தமிழையே முதற்படியாக வைத்திருப்பது இவ்வகுப்பின் சிறப்பு.

பெற்றோர் பின்வரிசையில் அமர்ந்து பார்க்க அனுமதித்த ஒரு நாளில் நான் கண்டதைச் சொல்கிறேன். என் மகள் ஒரு பூனையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். "பூனைக்குப் பசிச்சுது. மீன் வாசம் வந்துச்சு. லிஃப்ட்டுல ஏறிச்சு. ஆனா பட்டன் எட்டல." அத்துடன் நிறுத்திவிட்டாள். ஆசிரியை அவள் சொன்னதைச் சொன்னபடியே வெள்ளைப் பலகையில் எழுதினார். ஓர் எழுத்தையும் திருத்தவில்லை. எழுதியதை மெதுவாக வாசித்துக்காட்டிவிட்டு, "பட்டன் எட்டலைன்னா பூனை என்ன பண்ணும்மா?" என்று மட்டும் கேட்டார். "யாராவது வர்ற வரைக்கும் உக்காந்திருக்கும்." "யாரு வந்தாங்க?" சிறிது நேரம் யோசித்த பிள்ளை, "மேல் வீட்டுப் பாட்டி. ஈரச்சந்தையிலேருந்து மீன் வாங்கிட்டு வந்தாங்க டீச்சர்!" என்றாள். எங்கிருந்தோ வந்த மீன் வாசத்துக்கு அந்த நொடியில் ஒரு காரணம் கிடைத்துவிட்டது. இது நடந்ததால் அது நடந்தது என்று நிகழ்ச்சிகளைக் கோக்கும் திறன்தான் கதையின் உயிர்நாடி. அதை விளக்கிச் சொல்லாமல், இரண்டு கேள்விகளால் பிள்ளையே கண்டடையுமாறு செய்தார்.

அதன் பிறகே எழுத்துத் தமிழ் வந்தது. "பசிச்சுது" என்பதைப் "பசித்தது" என்றும், "ஏறிச்சு" என்பதை "ஏறியது" என்றும் பிள்ளைகளே ஒவ்வொருவராக எழுந்து சென்று மாற்றினார்கள். கதை ஏற்கெனவே பலகையில் இருந்ததால் இலக்கணத்தில் மட்டும் கவனம் வைக்க அவர்களால் முடிந்தது.

ஆயத்தச் சொற்றொடர்களை இவர் மனப்பாடம் செய்யச் சொல்வதில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். "ஆதவன் தன் பொற்கதிர்களைப் பரப்பினான்" என்று தொடங்கி, "கண்ணீர் அருவியாய்க் கொட்டியது" என்று வளர்ந்து, ஒரு நீதியோடு முடியும் கட்டுரைகளை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அத்தகைய தொடர்களைக் கற்பதே தவறு என்று நான் சொல்லமாட்டேன். உயர்நிலைப் பள்ளிக்குச் செல்லும்போது அவை கைகொடுக்கும். ஆனால் பிள்ளை தான் பார்த்த காலையைச் சொல்லும் முன்பே பிறர் பார்த்த காலையை அவன் வாயில் திணித்துவிடுவது பெரிய அநியாயம் என்றே எனக்குப் படுகிறது.

குறைகளும் உண்டு. கதைத் தூண்டலுக்குப் பயன்படுத்தும் படஅட்டைகளில் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் அச்சானவை. கிணற்றடியும் மாட்டுவண்டியும் களத்துமேடும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியின் பன்னிரண்டாம் தளத்தில் வளரும் பிள்ளை, களத்துமேட்டில் என்ன நடக்கும் என்று எப்படிக் கற்பனை செய்யும்? அட்டைகளைக் கொண்டு எழுதிய நாள்களில் பிள்ளைகளின் கதைகள் மூன்று வரிகளில் சுருங்கிவிடுகின்றன. எம்ஆர்டி ரயில் நிலையம், உணவங்காடி நிலையம், கீழ்த்தளத்தில் நடக்கும் திருமண விருந்து எனச் சொந்த இடங்களைக் கொடுத்தால் பக்கம் நிறைகிறது. இதை ஆசிரியையிடம் சொன்னேன். புதிய படங்களைத் தயாரிப்பதாகக் கூறினார்.

எழுத்துப் பிழைகளை வகுப்பிலேயே முழுமையாகத் திருத்துவதில்லை என்று சில பெற்றோர் வருந்துகின்றனர். ஒரு நேரத்தில் ஒருவகைப் பிழையை மட்டும் எடுத்துக்கொள்வது அவர் முறை. நான் அதை ஏற்கிறேன் என்றாலும், றகர ரகரப் பிழைகள் ஊறிப்போகாமல் இருக்க வீட்டில் தனியாகப் பயிற்சி தருகிறேன். கதைத்தாளில் சிவப்புப் பேனாவை வைப்பதில்லை.

பருவ இறுதியில் பிள்ளைகளின் கதைகளைச் சிறு கையேடாக நகலெடுத்து எல்லாக் குடும்பங்களுக்கும் தருகிறார்கள். தன் கதையை மற்றொரு பிள்ளை வாசிக்கப்போகிறது என்று தெரிந்த பின் என் மகள் கடைசிப் பத்தியைத் தானாகவே மீண்டும் எழுதினாள். வாசகர் உண்டு என்ற நினைப்புதான் எழுதுபவரை வளர்க்கிறது என்பதற்கு இவ்வூரிலேயே முன்னுதாரணம் இருக்கிறது: கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு இதழ், 1950களில் மாணவர் மணிமன்றம் என்ற மாணவர் பகுதியின் வழியாக இளையர்களின் படைப்புகளை அச்சிட்டது. பின்னாளில் பெயர்பெற்ற எழுத்தாளர்கள் பலர் அங்கிருந்து வந்தவர்கள்.

சேர்க்க விரும்புவோர் கவனிக்க வேண்டியவை சில. தமிழில் இரண்டு நிமிடம் தொடர்ந்து பேசத் தயங்கும் பிள்ளைகளுக்கு முதல் சில வாரங்கள் கடினமாக இருக்கும். அவர்கள் பொது நூலகத்திலிருந்து தமிழ்ப் படக்கதைகளை இரவல் வாங்கி, படங்களை மட்டும் பார்த்து வீட்டில் கதை சொல்லிப் பழகிவிட்டு வருவது நல்லது. ஜூன் விடுமுறையில் வகுப்பு இல்லை. மாடிப்படி குறுகலானது, மின்தூக்கி கிடையாது என்பதால் பிள்ளையை அழைத்துவரத் தாத்தா பாட்டியை அனுப்புவோர் அவர்களைக் கீழேயே காத்திருக்கச் சொல்லலாம்.