ஈ-கார்டு: விடாமல் அனுப்பிக்கொண்டிருக்கிறவளின் அனுபவம்

மிக்ஸிக்கு எழுதுகிறார்கள், ஸ்கூட்டிக்கு எழுதுகிறார்கள், தண்ணீர் சுத்திகரிக்கிற மெஷினுக்கு ஐந்து வருஷம் கழித்து வந்து எழுதுகிறார்கள். இணையத்தில் வாழ்த்து அட்டை அனுப்புகிற பழக்கத்துக்கு மட்டும் யாரும் நீண்டகால அனுபவம் எழுதி நான் பார்த்ததில்லை. சேலத்தில் ப்ளஸ் ஒன் படிக்கும்போது ஆரம்பித்து இன்று வரை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், அந்தத் தகுதி போதும் என்று நினைக்கிறேன். தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பொருள் நல்ல பொருள், ஆயுள்தான் மட்டம்.

எதோடு ஒப்பிட்டு இதைச் சொல்கிறேன் என்று தெரிய வேண்டுமென்றால் காகித அட்டையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். அரையாண்டுப் பரீட்சை முடிகிற வாரத்தில் சின்னக்கடை வீதிப் பக்கம் கடைகளில் கயிறு கட்டி, துணி காயப்போடுகிற மாதிரி அட்டைகளைத் தொங்க விட்டுவிடுவார்கள். லட்சுமி, முருகன், ரோஜாப்பூ, சூரியனுக்கு முன்னால் மாட்டு வண்டி, அப்புறம் ரஜினி. கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றுக்கும் ஒரே கயிறு. ஜிகினா ஒட்டிய அட்டை விலை கூட. வீட்டுக்கு வருவதற்குள் பாதி ஜிகினா கையில் இருக்கும். பக்கத்து பெஞ்சில் உட்காருகிறவளுக்கும் தபாலில்தான் அனுப்ப வேண்டும், நேரில் கொடுத்தால் மதிப்பில்லை. உறையை ஒட்டாமல் மடிப்பை உள்ளே செருகி புக் போஸ்டாக அனுப்பினால் ஸ்டாம்ப் செலவு குறையும். ஒட்டாத உறையில் ரகசியம் எழுத முடியாது என்பதால் எங்கள் வாழ்த்துகள் எல்லாம் மிகவும் கண்ணியமாக இருக்கும்.

எனக்கு முக்கியமான அட்டை ஏற்காட்டுக்குப் போகிற அட்டை. பெரியப்பா அங்கே ஒரு காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். முழுப் பரீட்சை லீவுக்கு நாங்கள் மேலே போய்விடுவோம். எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கினதும் முதல் வேலை வாய் கொப்பளிப்பது. ஆனால் அரையாண்டு லீவு அப்படி இல்லை. டிசம்பர், ஜனவரி என்றால் மலையில் காபிப் பழம் பறிக்கிற நேரம். பறித்து, தோல் எடுத்து, களத்தில் காயப்போட்டு, பனி இறங்குமுன் மூடி வைத்து என்று எல்லோருக்கும் வேலை இருக்கும். அவர்கள் கீழே இறங்க முடியாது, நாங்கள் மேலே போனாலும் பேச ஆள் கிடைக்காது. அதனால் 636601 என்று பின்கோடு போட்டு அட்டை மட்டும் மலையேறும். பெரியப்பா மகளுக்கும் எனக்கும் வயதில் கொஞ்சம்தான் வித்தியாசம் என்றாலும் உறையில் 'அன்பு அக்காவுக்கு' என்றுதான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் பதில் வராது.

இந்த நிலையில்தான் ஐந்து ரோடு பக்கம் ப்ரௌசிங் சென்டர் வந்தது. மணிக்கு 30 ரூபாய், அரை மணிக்கு 15. செருப்பை வெளியில் விட வேண்டும், நோட்டில் பெயர் எழுத வேண்டும், பிளைவுட் தடுப்புக்குள் போய் உட்கார வேண்டும். ஏசி கம்ப்யூட்டருக்காகத்தான் என்று சென்டர் அண்ணா அடிக்கடி ஞாபகப்படுத்துவார். வகுப்பில் ஒருத்தி ஈமெயில் ஐடி வைத்திருக்கிறாள் என்று தெரிந்த வாரத்திலேயே எல்லோருக்கும் ஐடி வந்துவிட்டது. ஐடி இருக்கிறது, யாருக்கு மெயில் எழுதுவது? தினமும் பார்க்கிறவர்களுக்கு எழுத விஷயம் இல்லை. அந்தப் பள்ளத்தைத்தான் ஈ-கார்டு நிரப்பியது. விஷயம் இல்லாமலே அனுப்பலாம். படம் அதுவே ஆடும், பாட்டு அதுவே பாடும், கீழே இரண்டு வரி எழுதினால் போதும்.

படம் இறங்குவதுதான் பாடு. டெலிபோன் வழியாக வருகிற டயல்-அப் லைனில் ஒரு வாத்து தலையை ஆட்டி 'ஹேப்பி நியூ இயர்' சொல்வதற்குள் நம் அரை மணி நேரம் கரைந்துவிடும்.

"அண்ணா, கார்டு திறக்கவே மாட்டேங்குது."

"லோடு ஆகுதும்மா. நீ போய் கரும்பு ஜூஸ் குடிச்சிட்டு வா."

உண்மையாகவே போய்க் குடித்துவிட்டு வருவோம். வாத்து கழுத்து வரைக்கும் வந்திருக்கும்.

இந்த ஏற்பாட்டின் மூலத்தைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். 1994-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. மீடியா லேபில் ஜூடித் டோனத் 'எலக்ட்ரிக் போஸ்ட்கார்டு' என்று ஒரு தளம் தொடங்கினார். படத்தைத் தேர்ந்தெடுத்து நாலு வரி எழுதினால், பெறுகிறவருக்கு ஒரு எண்ணோடு மெயில் போகும். அந்த எண்ணைத் தளத்தில் போய்க் கொடுத்து அட்டையை வாங்கிக்கொள்ள வேண்டும். பின்னால் வந்த தளங்களில் எண்ணுக்குப் பதில் லிங்க். மற்றபடி அதே கதைதான்: அட்டை உங்களிடம் வருவதில்லை, நீங்கள்தான் அட்டையிடம் போக வேண்டும். கொரியர் ஆபீசில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்வார்களே, அந்த ரகம்.

இது எங்கள் விஷயத்தில் எப்படி வேலை செய்தது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. மலையில் அக்கா வீட்டுப் பக்கம் அப்போது நெட் கிடையாது. ஆனால் அக்காவுக்கு ஐடி உண்டு, அதே ஐந்து ரோடு சென்டரில் நான் உருவாக்கிக் கொடுத்தது. பொங்கலுக்கு அதில் ஒரு அட்டை அனுப்பினேன். அது சேலத்திலிருந்து கிளம்பி எந்த நாட்டு சர்வரில் போய்ப் படுத்ததோ தெரியாது. பறிப்பு ஓய்ந்து அக்கா ஏதோ துணி எடுக்க சேலத்துக்கு இறங்கினபோது, இரண்டு பேரும் அதே சென்டருக்குப் போய், ஒரே நாற்காலியில் பாதிப் பாதி உட்கார்ந்து, நான் அனுப்பியதை அவள் திறந்தாள்.

"ஏன்டி, இத வாயில சொல்லியிருந்தா பதினஞ்சு ரூபா மிச்சமாயிருக்குமே?"

கேட்டாளே ஒழிய, அந்த அட்டையை இரண்டு தடவை ஓட விட்டுப் பார்த்தாள். பதிலுக்கு உட்கார்ந்த இடத்திலேயே எனக்கு ஒன்று அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

பொங்கலுக்கு அனுப்பினேன் என்று சுலபமாகச் சொல்லிவிட்டேன், பொங்கல் அட்டையே அப்போது அரிது. வெளிநாட்டுத் தளங்களில் தீபாவளி எப்படியோ நுழைந்திருந்தது. அறுவடைத் திருநாள் என்ற பொருளில் தேடினால் அமெரிக்காவின் தேங்க்ஸ்கிவிங் பண்டிகை வான்கோழி வரும். கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழாவுக்குச் சேலத்தில் உள்ளூர் விடுமுறை விடுவார்கள், கோயம்புத்தூர் உறவுக்காரப் பிள்ளைகளிடம் நாங்கள் பெருமை அடித்துக்கொள்கிற ஒரே லீவு அது. அதற்கு ஒரு அட்டை கிடைக்குமா என்று தேடிப் பார்த்த ஆள் நான். பூ படம் போட்ட பொது அட்டையை எடுத்து ஒப்பேற்ற வேண்டியதுதான்.

தமிழில் எழுதுவது அதைவிடப் பெரிய கூத்து. ஒவ்வொரு தமிழ்த் தளமும் தனக்கென்று ஒரு எழுத்துரு வைத்திருந்த காலம். 1999-ல் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு நடத்தி, விசைப்பலகைக்கும் எழுத்துருக் குறியீட்டுக்கும் அரசு ஒரு தரம் வகுத்தது. ஆனாலும் ஒரு இடத்தில் அடித்தது இன்னொரு இடத்தில் கொம்பு முளைத்த இங்கிலீஷ் எழுத்துகளாகத்தான் தெரிந்தது. விண்டோஸ் எக்ஸ்பியில் யூனிகோட் தமிழ், அதாவது எல்லாக் கம்ப்யூட்டருக்கும் பொதுவான குறியீட்டில் தமிழ், இருந்தது, ஆனால் செட்டிங்கில் போய் ஒரு பெட்டியில் டிக் போட்டு, சிடி செருகி நிறுவ வேண்டும். சென்டர் அண்ணாவிடம் சிடி கேட்டால் "அதெல்லாம் எதுக்கும்மா, இங்கிலீஷ்லயே அடி" என்பார். அப்படித்தான் எங்கள் தலைமுறை 'இனிய பொங்கல் வாழ்த்துக்கள்' என்பதை ஆங்கில எழுத்தில் வைத்து நீட்டி முழக்கி அடிக்கக் கற்றுக்கொண்டது. 'ழ'வுக்கு எந்த எழுத்து என்பதில் ஆளுக்கொரு கட்சி.

இனி குணங்கள். எனக்கு மிகவும் பிடித்தது தேதி குறித்து வைக்கிற வசதி. லீவு விடுமுன்பே சென்டரில் உட்கார்ந்து புத்தாண்டு, பொங்கல், அக்கா பிறந்த நாள் மூன்றையும் ஏற்றி வைத்துவிட்டு வந்தால் அததற்கான நாளில் அதுவே போய்ச் சேரும். இரண்டாவது, பெறுகிறவர் திறந்ததும் 'உங்கள் அட்டை பார்க்கப்பட்டது' என்று நமக்கு ஒரு மெயில் வரும். வாட்ஸ்அப்பின் நீல டிக்கை ஏதோ புதுக் கண்டுபிடிப்பு மாதிரி பேசுகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். அந்த மெயில் வந்த நாளில் இருந்த சந்தோஷத்தில் கால்வாசி கூட நீல டிக்கில் இல்லை. இன்னொரு குணம், அனுப்புகிறவர் ஒரு ஆளை மனதில் வைத்துத் தேட வேண்டும். குரங்கு அட்டை யாருக்கு, ரோஜா அட்டை யாருக்கு என்று யோசிக்காமல் அந்தத் தளங்களில் ஒன்றும் நகராது.

இலவசமாக இதையெல்லாம் எப்படிக் கொடுத்தார்கள் என்ற கேள்வி அப்போது எங்களுக்கு வரவே இல்லை. கூட்டம் சேர்ந்தால் போதும், காசு பின்னால் வரும் என்ற நம்பிக்கையில் கொடுத்தார்கள். ப்ளூ மவுண்டன் என்ற ஈ-கார்டு தளத்தை 1999-ல் எக்சைட் அட் ஹோம் நிறுவனம் சுமார் 78 கோடி டாலருக்கு வாங்கியது. 2001-ல் அமெரிக்கன் கிரீட்டிங்ஸ் என்ற வாழ்த்து அட்டை நிறுவனம் அதைச் சுமார் 3.5 கோடி டாலருக்கு எடுத்துக்கொண்டது. செவ்வாய்பேட்டை வெள்ளிக் கடைக்காரர் யாரிடமாவது இந்தக் கணக்கைச் சொன்னால் தலையில் அடித்துக்கொள்வார். அதன்பின் பல தளங்களில் நல்ல அட்டைகள் சந்தாவுக்குப் பின்னால் போய்விட்டன.

குறைகளுக்கு வருவோம். பாட்டு. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆபீஸ் கம்ப்யூட்டரில் தோழி அனுப்பிய பிறந்த நாள் அட்டையைத் திறந்தேன். பூனைகள் கூட்டமாகக் கத்த ஆரம்பித்தன, நிறுத்துகிற பட்டன் எங்கேயும் இல்லை. அந்த அறையில் இருந்த எல்லோருக்கும் என் வயது தெரிந்துவிட்டது. அடுத்தது வைரஸ். 2007-ல் ஸ்டார்ம் என்ற வைரஸ், 'உங்கள் குடும்பத்தில் ஒருவர் வாழ்த்து அட்டை அனுப்பியிருக்கிறார்' என்ற மெயிலாகவே உலகம் சுற்றியது. அதோடு ஆபீஸில் கார்டு லிங்க் எதையும் தொடக் கூடாது என்று உத்தரவு. அனுப்பினால் யாரும் திறக்க மாட்டார்கள் என்ற நிலை வந்த பிறகு எந்த அட்டைக்கு என்ன மரியாதை?

நடுவில் எஸ்.எம்.எஸ். ஒரு சுற்று சுற்றியது. பண்டிகை நாளில் மட்டும் இலவச பேக் செல்லாது என்பதால் முந்தின நாள் ராத்திரியே எல்லோரும் வாழ்த்தி முடித்துவிடுவார்கள், பொங்கல் அன்று போன் ஊமை. ஃபேஸ்புக் மாதிரி இருந்த ஆர்குட்டில், நண்பர்கள் பக்கத்தில் மினுமினுக்கிற ஸ்க்ராப் (குறுஞ்செய்தி) ஒட்டினோம், 2014-ல் ஆர்குட்டையே மூடினார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

ஆயுள் மட்டம் என்று சொன்னது இதைத்தான். பெரும்பாலான ஈ-கார்டுகளைத் தளத்தில் சில வாரம், சில மாதம்தான் வைத்திருப்பார்கள். அது தெரிந்தே அனுப்பினோம். ஆடிப் பாடிய அட்டைகள் பெரும்பாலும் ஃப்ளாஷ் என்ற, இணையத்தில் படத்தை ஆட வைக்கிற மென்பொருளில் செய்தவை. 2020 டிசம்பர் 31-ஓடு அடோபி நிறுவனம் ஃப்ளாஷுக்கு ஆதரவை நிறுத்தியது, 2021 ஜனவரி 12 முதல் ப்ளேயரே படம் ஓட்ட மறுத்தது. தப்பித்தவறி எங்காவது அட்டை மிச்சம் இருந்தாலும் பழைய முறையில் ஓடாது. என் இன்பாக்ஸில் 'உங்களுக்கு ஒரு வாழ்த்து காத்திருக்கிறது' என்று அக்கா அனுப்பிய மெயில்கள் பத்திரமாக இருக்கின்றன. உறை இருக்கிறது, அட்டை இல்லை. காகித அட்டைகளோ அம்மாவின் டிரங்குப் பெட்டியில் கரப்பான் கடித்தது போக மீதி அப்படியே கிடக்கின்றன, ஜிகினா இன்னும் கையில் ஒட்டுகிறது. மெயிலுக்குள்ளேயே எழுதி அனுப்பிய இரண்டு வரிகள் மட்டும் டிஜிட்டலில் பிழைத்தன. அதனால் புதிதாக ஈ-கார்டு அனுப்ப நினைக்கிறவர்களுக்கு ஒரு யோசனை: சொல்ல வேண்டியதைப் படத்தில் எழுதாமல் மெயிலில் எழுதுங்கள். படத்தை லிங்காக இல்லாமல் கோப்பாகவே இணைத்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பையும் இதே பொருளின் அடுத்த மாடல் என்று எடுத்துக்கொண்டால், வேகத்துக்கு முழு மதிப்பெண் கொடுக்கலாம். தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது, பொங்கல் படம் ஆயிரம் கிடைக்கிறது. ஆனால் குடும்ப குரூப்பில் ஒரே பானை ஒரே நாளில் நாலு பேரிடமிருந்து வருகிறது, யாருக்காகவும் யாரும் தேடவில்லை. போதாததற்கு ஏஐ படங்கள் வேறு. போன பொங்கலுக்கு வந்த ஒன்றில் கரும்பு என்று மூங்கில் நின்றது, மாட்டுக்கு மூன்று கொம்பு.

நான் இப்போதும் ஒரு ஈ-கார்டு தளத்தில்தான் தேதி குறித்து வைக்கிறேன், ஏழெட்டுப் பேருக்கு மட்டும். அக்கா ஏற்காட்டில் வீட்டை ஒட்டி இரண்டு அறை கட்டி சுற்றுலாக்காரர்களுக்கு விடுகிறாள். டிசம்பர் கடைசியில் அவளுக்கு மூச்சு விட நேரம் கிடையாது, போன் அடித்தால் எடுக்க மாட்டாள். அன்றைக்குக் காபி, இன்றைக்கு ரூம், அவ்வளவுதான் வித்தியாசம். அட்டை என்றால் கூட்டம் குறைந்த பிறகு நிதானமாகத் திறப்பாள். இந்தத் தடவை பொங்கலுக்குத் தேடினதில் பானையும் கரும்பும் சரியாக இருந்த ஒரே அட்டையில் அடுப்பு மட்டும் கேஸ் அடுப்பாக இருந்தது. வேறு வழியில்லாமல் அதையே அனுப்பினேன். மாட்டுப் பொங்கல் கழித்து பதில் வந்தது: "எங்க வீட்லயும் அதுதானடி."