பின் ஹப் தேய்ந்தபோது ஃப்ரீஹப்பை மட்டும் மாற்றினேன்: மூன்று ஆண்டு ஓட்டிய பிறகு

சிங்கப்பூரின் கிழக்குக் கரைப் பூங்காப் பக்கம் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்குச் செயின் துருப்பிடிப்பது புதிதல்ல. அது கண்ணில் படும், துடைத்து எண்ணெய் விட்டுவிடுவோம். பின் சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் வெளியே தெரியாது. ஆண்டுக்கு 2,100 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர். அதோடு கடற்காற்றின் உப்பும் சேர்ந்தால் உள்ளே இருக்கிற கிரீஸ் எத்தனை நாள் தாங்கும்?

என்னுடையது வேலைக்குப் போய்வர வாங்கிய சாதாரண ஹைப்ரிட் சைக்கிள். ஒன்பது பல்சக்கரங்களை அடுக்கிய கேசட், 135 மில்லிமீட்டர் பின் ஹப், உள்ளே கிண்ணம் போன்ற கப்புக்கும் கூம்பு போன்ற கோனுக்கும் நடுவே பால்ரஸ் குண்டுகள் ஓடும் பழைய கப்-கோன் அமைப்பு. அந்த ஹப்பில், கேசட்டைத் தாங்கி, மிதித்தால் சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றும் பாகமான ஃப்ரீஹப்பை மட்டும் மாற்றி மூன்று ஆண்டுக்கு மேல் ஆகிறது. “முழுச் சக்கரத்தையும் மாற்றட்டுமா, அதை மட்டும் மாற்றினால் போதுமா?” என்று பலர் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் இதற்குப் பதில் ஹப்பின் இடப்பக்கத்தில் இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

முதல் அறிகுறி செயினில்தான் தெரிந்தது. மிதிப்பதை நிறுத்திச் சைக்கிளை உருளவிட்டால், மேல் பக்கச் செயின் தொய்ந்து சட்டத்தின் மேல் தட்டும். ஃப்ரீஹப் இறுகி, சக்கரத்தோடு சேர்ந்து கேசட்டையும் சுழற்றுகிறது என்று அதற்கு அர்த்தம். கேசட் முன்னால் தள்ளுகிற செயினுக்குப் போக இடமில்லை, அதனால் தொய்கிறது. அப்புறம் சில வாரங்களில் இதற்கு நேர்மாறான கோளாறு வந்தது. மவுண்ட் ஃபேபர் ஏற்றத்தில் எழுந்து நின்று மிதித்தால், ஒரு கணம் மிதி பிடிமானமே இல்லாமல் இறங்கி, பிறகு ‘டக்’ என்று பிடிக்கும். நின்று மிதிக்கும்போது இப்படி நழுவினால் முழங்கால் ஹேண்டில்பாரில் மோதும், ஆளே கீழே விழலாம். இதைத் தள்ளிப்போடக் கூடாது.

பலர் இங்கேதான் குழம்புகிறார்கள். தேய்ந்த செயினும் கேசட்டும்கூட நழுவும். ஆனால் அந்த நழுவல் பெரும்பாலும் அதிகம் ஓட்டிய ஓரிரு பல்சக்கரங்களில் மட்டும் வரும், செயின் பல்லைத் தாண்டிக் குதிப்பதும் காதில் விழும். எந்தக் கியரில் போட்டாலும் ஒரே மாதிரி நழுவினால் ஃப்ரீஹப்பைச் சந்தேகிக்கலாம். இன்னொன்று, சும்மா சுற்றும்போது கேசட் லேசாக ஆடுவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அந்த ஆட்டம் நல்ல ஹப்பிலும் இருக்கும்.

உள்ளே இருக்கும் ஏற்பாடு எளிதானது. சின்ன நாக்குகள் ஒரு மெல்லிய ஸ்பிரிங் கம்பியின் உந்துதலில் பல்வரிசையில் மாட்டும். மிதித்தால் பிடிக்கும், நிறுத்தினால் பற்களின் மேல் சறுக்கி ஓடும். கிரீஸ் காய்ந்து பசையானாலோ துரு ஏறினாலோ நாக்கு எழும்பாது. பல்லின் நுனியில் அரைகுறையாக மாட்டி நழுவும், ஒவ்வொரு நழுவலிலும் இன்னும் தேயும்.

அக்கம்பக்கத்துக் கடை அங்கிள் சக்கரத்தை இரண்டு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சேஞ்ச் வீல் லா, பெட்டர்” என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஃப்ரீஹப் நாற்பது வெள்ளிக்குள் கிடைக்கும். ஆனால் கழற்றி, கழுவி, பால்ரஸ் மாற்றி, கோனைச் சரிபார்த்துப் பூட்டக் கடைக்காரர் ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார வேண்டும். அந்தக் கூலியையும் சேர்த்தால் நடுத்தரமான ஒரு புதுச் சக்கரத்தின் விலையை நெருங்கிவிடும். கடைக்கே கொடுத்துச் செய்வதாக இருந்தால் சக்கரத்தை மாற்றுவதுதான் சுலபம்.

எனக்குக் கிடைத்தது வேறு உதவி. கப்பல் பட்டறையில் வேலை செய்யும் மன்னார்குடித் தம்பி ஒருவர் இருக்கிறார். ஊரில் அவருடைய அப்பா வைத்திருந்தது சைக்கிள் கடை. ஓவராயிலிங் அவருக்குக் கைவந்த கலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் பழைய நாளிதழை விரித்து, கேசட்டைக் கழற்றி, அச்சை உருவி எடுத்தோம். அவர் வலப்பக்கத்தை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடப்பக்கக் கப்பில் இருந்த கறுத்த கிரீஸைத் துணியால் வழித்தார். ஒரு பால்பாயிண்ட் பேனாவை எடுத்து, அதன் முனையைக் கப்பின் வளைவில், குண்டுகள் ஓடும் தடத்தின் மேல் மெதுவாகச் சுற்றிக்கொண்டு வந்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

“நீங்களே ஓட்டிப் பாருங்கண்ணே. எங்கயாவது தடுக்குதா?”

தடுக்கவில்லை. கைப்பேசி வெளிச்சத்தில் தடம் மினுமினுப்பான ஒரு கோடாகத் தெரிந்தது. குழி எதுவும் இல்லை.

“அப்ப ஹப்பு நல்லாருக்கு. வலதுப்பக்கம் எப்படியும் புதுசாத்தானே வரப்போகுது.”

விஷயமே இதுதான். பழைய ஃப்ரீவீல் ஹப்பில் பல்சக்கரக் கட்டு ஹப்பின் மேல் மரையில் திருகி நிற்கும். வலப்பக்கப் பால்ரஸ் அதற்கும் உள்ளே, சக்கரத்தின் நடுப்பக்கம் தள்ளி இருக்கும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற அச்சுக்குத் தாங்கல் இல்லாததால், கியர் அதிகமான சைக்கிள்களில் அச்சு வளைவதும் உடைவதும் சகஜம். ஷிமானோ நிறுவனம் 1978இல் டூரா-ஏஸ் என்ற பாக வரிசையில் கொண்டுவந்து பிறகு பரவலாக்கிய ஃப்ரீஹப் அமைப்பில், வலப்பக்கக் கப் ஃப்ரீஹப்பின் வெளி விளிம்பிலேயே இருக்கிறது. தாங்கல் அச்சின் ஓரத்துக்கு வந்துவிட்டதால் அச்சு வளைவது அரிது. ஃப்ரீஹப்பை மாற்றும்போது வலப்பக்கக் கப்பும் கூடவே புதிதாகிவிடுகிறது. இடப்பக்கக் கப் மட்டும் ஹப்பின் உடலோடு அழுத்திப் பொருத்தப்பட்டது. அதில் குழி விழுந்துவிட்டால் நடைமுறையில் அதை மாற்ற வழியில்லை, ஃப்ரீஹப்புக்குச் செலவழிப்பது தண்டம். ஆகவே கடையில் விலை கேட்கிறதற்கு முன்னால் இடப்பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

மாற்றுவது சிரமமில்லை, கருவிகள்தான் வேண்டும். கேசட்டைச் சுழலாமல் பிடிக்கச் செயின் விப்பும் அதன் பூட்டு வளையத்தைத் திருக லாக்ரிங் கருவியும், அச்சுக்கு 15, 17 மில்லிமீட்டர் கோன் ஸ்பேனர்கள், ஃப்ரீஹப்பைப் பிடித்திருக்கும் குழல் போல்ட்டுக்கு 10 மில்லிமீட்டர் எல்-கீ. அந்தப் போல்ட் சாதாரணமாக அசையாது. எல்-கீயில் ஒரு நீளக் குழாயைச் செருகித்தான் நெம்பினோம். சில மாடல்களில் ஃப்ரீஹப்புக்கும் ஹப்புக்கும் நடுவே ஒரு வாஷர் இருக்கும். அது எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்று படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. பக்கத்துக்கு ஒன்பது வீதம் 1/4 அங்குலப் பால்ரஸ். பழையதைத் திரும்பப் போடாதீர்கள், புதியது சில வெள்ளிதான்.

கோனை இறுக்குவதில்தான் நேரம் போகும். கையில் பிடித்து அசைத்தால் அச்சு மிகச் சிறிதாக ஆட வேண்டும். சக்கரத்தைச் சட்டத்தில் பிடிக்கும் குவிக் ரிலீஸை இறுக்கும்போது அச்சு கொஞ்சம் அமுங்கி அந்த ஆட்டம் போய்விடும். ஆட்டமே இல்லாமல் மேசையில் இறுக்கிவிட்டால், சைக்கிளில் மாட்டியதும் பால்ரஸ் நசுங்கும்.

பழைய ஃப்ரீஹப்பைப் பிரித்துச் சரிசெய்ய முடியாதா என்றால், முடியும். ஆனால் அதன் உள் மூடி இடமரை, அதைத் திறக்கத் தனிக் கருவி வேண்டும், உள்ளே ஏறக்குறைய ஐம்பது 1/8 அங்குலப் பொடிக் குண்டுகள். தேய்ந்த நாக்குக்கு மாற்றுப் பாகமும் தனியாகக் கிடைக்காது. பொழுதுபோகாதவர்கள் செய்து பார்க்கலாம்.

இந்த மூன்று ஆண்டில் எப்படி இருந்தது? மிதியில் வெற்று இறக்கம் ஒருமுறைகூட வரவில்லை. சத்தமும் மிகக் குறைவு, பூங்கா இணைப்புப் பாதையில் முன்னால் நடப்பவர்களுக்கு நான் வருவதே தெரியாது. மணி அடித்துத்தான் ஆகவேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும், அச்சை உருவிப் புது கிரீஸ் வைக்கிறேன். பிரித்துப் பார்த்த முதல் முறையே இடப்பக்கக் கோனில் ஒரு தேய்மானக் கோடு இருந்தது. கோன் தனியாகக் கிடைக்கும் பாகம் என்பதால் மாற்றிவிட்டேன். தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சைக்கிள் கழுவுகிறவர்கள் ஹப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள், ரப்பர் சீல் அதைத் தாங்காது.

குறை என்று சொன்னால், பிடிமானம் கொஞ்சம் தாமதம். அலுவலகத் தோழர் ஒருவர் டிடி ஸ்விஸ் நிறுவனத்தின் ஹப் வைத்த சக்கரம் வாங்கினார். அதில் நாக்குக்குப் பதிலாக முகத்தோடு முகம் பொருந்தும் இரண்டு பல் வளையங்கள். 18 பல் என்றால் 20 பாகைக்கு ஒரு பிடி, 36 பல் என்றால் 10 பாகை, 54 என்றால் 7 பாகைக்கும் குறைவு. ஓரத்து மூடியைக் கையால் இழுத்தாலே திறந்துகொள்கிறது, துடைத்து கிரீஸ் வைக்க ஐந்து நிமிடம். ஓட்டிப் பார்த்தேன், மிதித்த மாத்திரத்தில் பிடிக்கிறது, பொறாமையாகத்தான் இருந்தது. அந்த விலைக்கு என் சைக்கிளையே வாங்கிவிடலாம் என்பதால் பேசாமல் இறங்கிக்கொண்டேன்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு விஷயம். 8, 9, 10 கியர் கேசட்டுகளுக்கு ஒரே நீள ஃப்ரீஹப் போதும். ரோடு சைக்கிளின் 11 கியர் ஃப்ரீஹப் 1.85 மில்லிமீட்டர் அதிக நீளம். அது உங்கள் ஹப்பில் ஏறினாலும் அச்சின் அளவும் சக்கரத்தின் நடுவும் மாறிப்போகும். ஹப்பின் உடலில் பொறித்திருக்கும் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். உருவத்தைப் பார்த்து வாங்கினால், ஹப்பில் பொருந்தும் உள்பல் வேறாக இருந்து, திரும்பவும் கடைக்கு நடக்க வேண்டியிருக்கும்.

சென்ற முறை கிரீஸ் மாற்றும்போது பேனா முனை இடப்பக்கக் கப்பில் ஓர் இடத்தில் லேசாகச் சொரசொரத்தது. இன்னும் குழி இல்லை, ஓட்டும்போதும் எதுவும் தெரியவில்லை. அது குழியானால் அடுத்து முழுச் சக்கரம்தான். அங்கிளிடம் இப்போதே விலை கேட்டு வைத்திருக்கிறேன்.