சிங்கப்பூரில் வாடகைக்கு: அறையா, முழு வீவக வீடா, கூட்டுரிமை வீடா?

சிங்கப்பூருக்கு வேலை கிடைத்து வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது வாடகை எவ்வளவு என்பதைத்தான். எத்தனை மாதம் இங்கே இருப்பது உறுதி என்பதுதான் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி. ஆறு மாதம் கழித்து வேலை நிலைக்குமா என்று தெரியாதவருக்கும், மனைவி மக்களோடு இரண்டாண்டு இருக்கப்போகிறவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. வாடகை ஏறும், இறங்கும். பெருந்தொற்றுக் காலத்தில் கட்டுமானம் தடைபட்டு, புது வீட்டுக்குக் காத்திருந்த உள்ளூர்வாசிகளும் வாடகை வீடு தேடியதால் 2022, 2023இல் அது மளமளவென்று ஏறியதைப் பார்த்தோம். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட காலம் மட்டும் மாறாது.

தனியாளாக வருகிறவர்களில் பலரும் தொடங்குவது வீவக வீட்டில், அதாவது அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடி வீட்டில், ஓர் அறையில்தான். மூன்றில் செலவு குறைந்ததும் இதுதான். மின்சாரம், தண்ணீர், இணையம் பெரும்பாலும் வாடகைக்குள்ளேயே அடங்கிவிடும். கட்டில், அலமாரி வாங்க வேண்டியதில்லை. சட்டப்படி உரிமையாளர் அதே வீட்டில் வசிக்க வேண்டும். குறைந்தபட்சக் காலம் 6 மாதம்.

"உரிமையாளர் உடன் இல்லை" என்று வரும் விளம்பரங்களைப் பார்த்ததும் பலருக்கு ஆசை வந்துவிடுகிறது. அங்கேதான் கவனம் வேண்டும். வீடு வாங்கிக் குறைந்தது 5 ஆண்டு அங்கேயே குடியிருந்தால்தான் குடிமக்கள் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியும். நிரந்தரவாசிகளுக்கு அந்த உரிமையே இல்லை. அதனால் சிலர் ஓர் அறையைப் பூட்டிவைத்துவிட்டு, தாங்களும் அங்கேயே வசிப்பதாகக் கணக்குக் காட்டி மற்ற அறைகளை விடுகிறார்கள். அது விதிமீறல். பிடிபட்டால் நடவடிக்கை உரிமையாளர் மீதுதான், ஆனால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இடம் தேடி அலைவது நீங்கள். கூடத்தில் பலகை அடித்துப் பிரித்த 'அறை'யும், வீட்டுக்குள் இருக்கும் காப்பறையும் (ஆபத்துக் காலத்தில் ஒதுங்குவதற்கான சிறு அறை) படுக்கையறைக் கணக்கில் சேராது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

அறை வாழ்க்கையில் உண்மையான உரசல் அடுப்பங்கரையில்தான் வரும். 'லேசான சமையல்' என்று விளம்பரம் சொன்னால், அநேகமாக அது நூடுல்ஸ் கொதிக்க வைப்பதும் முட்டை அவிப்பதும்தான். எண்ணெய் காய்ந்து கடுகு வெடித்து, வெங்காயமும் மிளகாயும் வதங்கும் நெடி கூடத்துச் சோபாவில் போய் உட்கார்ந்தால் மறுநாளே முகம் மாறிவிடும். ஆகவே "சமைக்கலாமா?" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "தினமும் மாலையில் தாளித்துக் குழம்பு வைப்பேன், சரியா?" என்றே கேளுங்கள். குளிர்சாதனம் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, துணிதுவைக்கும் இயந்திரம் வாரத்தில் எத்தனை நாள், ஊரிலிருந்து அம்மா வந்தால் தங்கலாமா என்பதையும் அப்போதே பேசி, ஒப்பந்தத்தில் எழுத வையுங்கள்.

முழு வீவக வீடு என்றால் இந்தக் கெடுபிடி எதுவும் இல்லை. அடுப்பு உங்களுடையது. சந்தையும் உணவங்காடியும் பேருந்து நிறுத்தமும் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழேயோ பக்கத்திலோ இருக்கும். பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதை அடித்துக்கொள்ள வேறு இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நாலறை வீடு என்பதில் கூடமும் ஓர் அறையாகக் கணக்கு, படுக்கையறை மூன்றுதான். நண்பர்கள் சேர்ந்து எடுப்பதானால் ஆள் வரம்பைப் பாருங்கள். மூவறை வீட்டில் 6 பேர். நாலறையும் அதற்கு மேலும் உள்ளவற்றில், 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக 8 பேர்.

இங்கே உள்ள பெரிய தடை, பலர் கேள்விப்படாத ஒன்று. சிங்கப்பூர்க் குடியுரிமையோ மலேசியக் குடியுரிமையோ இல்லாதவர்களுக்கு முழு வீட்டை வாடகைக்கு விட, வட்டாரத்து வீடுகளில் 8 விழுக்காடு, புளோக்கின் வீடுகளில் 11 விழுக்காடு என்று ஒதுக்கீடு உண்டு. அது நிரம்பிவிட்டால், உரிமையாளர் மனமுவந்து சாவியைக் கொடுத்தாலும் கழகம் அனுமதிக்காது. அறைகளுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே, அந்த புளோக்கில் இடம் இருக்கிறதா என்று முகவரைக் கேட்டுவிடுங்கள். அரை நாள் மிச்சமாகும். வேலை அனுமதி அட்டையும் குறைந்தது 6 மாதத்துக்குச் செல்லுபடியாக வேண்டும். ஒரு விண்ணப்பத்தில் அதிகபட்சம் 2 ஆண்டுதான் அனுமதி.

கூட்டுரிமை வீட்டுக்கு, அதாவது தனியார் 'காண்டோ' வீட்டுக்கு, இந்த ஒதுக்கீடு இல்லை. குறைந்தபட்சக் காலமும் 3 மாதம்தான். அதற்குக் குறைவாக எடுப்பது இங்கும் சட்டவிரோதம். நீச்சல்குளம், உடற்பயிற்சிக் கூடம், வாயிலில் காவலர் எல்லாம் உண்டு. இவற்றுக்கான பராமரிப்புக் கட்டணத்தை உரிமையாளர் கட்டினாலும், உங்கள் வாடகையில்தான் அது ஏறி உட்கார்ந்திருக்கும். அதே வாடகைக்கு வீவகவில் கிடைப்பதைவிட அறைகள் சிறியவை. புதிய கட்டடங்களில் அடுப்பங்கரை இன்னும் சுருங்கிவிட்டது. எம்ஆர்டி ரயில் நிலையத்திலிருந்து தள்ளி இருக்கும் வளாகங்களும் நிறைய. நீச்சல்குளத்தின் படத்தைப் பார்த்து முடிவெடுக்காமல், காலை எட்டு மணிக்கு வாயிலிலிருந்து நிலையம் வரை ஒரு தடவை நடந்து பாருங்கள். நிறுவனம் வாடகை கொடுத்தாலோ, இருப்பது சில மாதம் மட்டும் என்றாலோ இதை எடுக்கலாம். சொந்தக் காசில் குடும்பம் நடத்துகிறவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

முன்பணக் கணக்கில் முழு வீடு வீவகவானாலும் கூட்டுரிமையானாலும் பெரிய வித்தியாசம் இல்லை. ஓராண்டு ஒப்பந்தத்துக்கு ஒரு மாத வாடகை, ஈராண்டுக்கு இரண்டு மாத வாடகை வைப்புத்தொகை என்பது வழக்கம். முதல் மாத வாடகை தனி. முத்திரைத் தீர்வை, 4 ஆண்டு வரையிலான ஒப்பந்தத்தில் மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு. மாதம் 3,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்று ஈராண்டுக்கு எடுத்தால் 288 வெள்ளி. ஒப்பந்தம் இங்கே கையெழுத்தானால் 14 நாளுக்குள் கட்டிவிட வேண்டும். முகவர் பதிவு பெற்றவரா என்று பொதுப் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே முகவர் இரு தரப்புக்கும் செயல்படக் கூடாது. வீவக வாடகையில் வைப்புத்தொகையை முகவர் கையில் வாங்கவே கூடாது. தன் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் "இந்தியர்களுக்குக் கொடுப்பதில்லை" என்று வைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று வகை வீட்டிலும் இது நடக்கிறது. வலிக்கிறது, வலிக்காமல் எப்படி இருக்கும்? அந்த நேரத்தில் மனம் தளர்ந்து, கிடைத்த இடத்தில் அவசரமாகக் கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். கொடுக்கிற உரிமையாளர்களும் இருக்கிறார்கள்.

சாவி வாங்கும் அன்று எல்லா குளிர்சாதனங்களையும் ஓடவிட்டு, சற்று நேரம் கழித்து அடியில் நீர் சொட்டுகிறதா என்று பாருங்கள். தரையில் உள்ள கீறல், சுவரில் உள்ள ஆணித் துளை எல்லாவற்றையும் படமெடுத்து அன்றைக்கே உரிமையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். வைப்புத்தொகைத் தகராறுகள் பெரும்பாலும் இந்தக் கீறல்களில்தான் தொடங்குகின்றன.

முழு வீடு எடுக்கிறவர்கள், எதுவானாலும், 'டிப்ளமேட்டிக் கிளாஸ்' என்று முகவர்கள் சொல்லும் விதி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை போய் நாட்டைவிட்டுக் கிளம்ப நேர்ந்தால், ஈராண்டு ஒப்பந்தத்தில் வழக்கமாக 12 மாதத்துக்குப் பிறகு 2 மாத முன்னறிவிப்போடு விலக அது வழிவிடும். ஓராண்டு ஒப்பந்தத்தில் இதை அநேகமாகக் கொடுக்க மாட்டார்கள். வேலையில் இன்னும் சோதனைக்காலம் முடியாதவர், குடும்பத்தை ஊரில் விட்டு முதல் ஆறு மாதத்தை வீவக அறையில் கழித்துவிட்டு, பிறகு இந்த விதியோடு ஈராண்டுக்கு முழு வீவக வீடு எடுப்பதே நல்லது. அதற்குள் எந்த வட்டாரம் தோது என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கும்.