க்யூஎமுவில் ஐஓஎம்எம்யு: மூன்று வருடமாக அணைக்காமல் ஓட்டியதில் கண்டது

செங்கோட்டையில் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து, எர்ணாகுளத்தில் உள்ள ஒரு சின்ன நிறுவனத்துக்கு லினக்ஸ் டிரைவர் எழுதுகிறேன். டிரைவர் ஒரு நெட்வொர்க் கார்டுக்கானது. அந்தக் கார்டின் சிப் இன்னும் கைக்கு வரவில்லை. அதனால் க்யூஎமுவுக்குள் (ஒரு முழுக் கணினியையே மென்பொருளாக ஓட்டிக் காட்டும் நிரல்) கார்டின் மாதிரியை நாங்களே சி மொழியில் எழுதி, அதன்மேல் டிரைவரை ஓட்டிப் பார்க்கிறோம். இந்த மூன்று வருடத்தில் கர்னல் மாறியிருக்கிறது, க்யூஎமு பதிப்புகள் மாறியிருக்கின்றன, கணினியே ஒருமுறை மாறிவிட்டது. மாறாமல் இருப்பது கட்டளையின் தொடக்கத்தில் இருக்கும் 'டிவைஸ் இன்டெல்-ஐஓஎம்எம்யு' மட்டும்தான். கார்டுக்கும் மெமரிக்கும் நடுவில் நின்று முகவரியை மாற்றித் தரும் பகுதி அது. வேகம் குறைகிறதென்று பலரும் இதை அணைத்துவிடுகிறார்கள். டிரைவர் எழுதுகிறவர்கள் அணைக்கவே கூடாது என்பது என் கருத்து. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

கார்டு, சிபியுவைக் கேட்காமல் நேராக மெமரியைப் படிக்கும், எழுதும். அதுதான் டிஎம்ஏ. ஐஓஎம்எம்யு இல்லாத விஎம்மில் (க்யூஎமு ஓட்டும் மெய்நிகர்க் கணினியில்) கார்டுக்குக் கொடுக்கும் முகவரியும் மெமரியின் உண்மையான முகவரியும் ஒரே எண். ஐஓஎம்எம்யு வந்துவிட்டால் கர்னல் கார்டுக்கென்று தனியாக வேறொரு எண்ணைக் கொடுக்கும். அந்த எண்ணுக்கு எந்த இடம், அங்கே படிக்கலாமா எழுதலாமா என்பதெல்லாம் ஓர் அட்டவணையில் இருக்கும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது எளிதில் புரியும். 1956 நவம்பர் 1-க்கு முன் செங்கோட்டை கேரளப் பக்கம் இருந்தது. எங்கள் வீட்டுப் பழைய பத்திரம் மலையாளத்தில், அந்தக் காலத்துச் சர்வே எண்ணோடு இருக்கிறது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு இன்றைய வரைபடத்தில் தேடினால் வேறு யாருடைய வயலிலோ போய் நிற்போம். பழைய எண்ணுக்குப் புதிய எண் என்ன என்று காட்டும் பதிவேடு நடுவில் வேண்டும்.

க்யூஎமு 2014-இல், 2.2 பதிப்பிலேயே இன்டெல் ஐஓஎம்எம்யுவை மென்பொருளில் போலச்செய்யத் தொடங்கிவிட்டது. க்யூஎமு தரும் கணினி வகைகளில் க்யூ35-இல்தான் ஓடும். விருந்தினர் கர்னல் (விஎம்முக்குள் ஓடும் கர்னல்) எழுதிவைத்த அட்டவணையை க்யூஎமு மென்பொருளிலேயே படிப்படியாக நடந்து பார்க்கும். 39 பிட் முகவரிக்கு மூன்று படி. படிக்கு 9 பிட் போக, மிச்சம் 12 பிட் 4 கேபி பக்கத்துக்குள் எந்த இடம் என்பதைக் காட்டும். 48 பிட் என்றால் நான்கு படி. கிடைத்த விடையை ஐஓடிஎல்பி என்ற தற்காலிகக் கிடங்கில் போட்டு வைத்துக்கொள்ளும்.

இனி, என்னை இதன் பக்கம் முழுதாகத் திருப்பிய சம்பவம். புளியரையிலிருந்து ஒரு தம்பி என்னோடு சேர்ந்து வேலை செய்கிறான். கார்டு மாதிரியில் டிஸ்கிரிப்டர் ரிங்கை (பாக்கெட்டுகளுக்கான இடங்களை டிரைவர் கார்டுக்கு எழுதிவைக்கும் பட்டியல்) படிக்கும் பகுதியை அவன் எழுதினான். ஐஓஎம்எம்யு இல்லாமல் அவன் கணினியில் வாரக்கணக்கில் நன்றாக ஓடியது. என் கணினியில் போட்டால் முதல் பாக்கெட்டிலேயே கார்டு எரர் காட்டி நின்றுவிட்டது. "அண்ணே, டிரைவர்ல ஒரு வரிகூட மாத்தலை. ஐஓஎம்எம்யுதான் குழப்புது, ஆஃப் பண்ணிப் பாருங்களேன்" என்றான். ஆஃப் செய்தால் ஓடத்தான் செய்தது.

சரி, கார்டு உண்மையில் எதைப் படிக்கிறது என்று பார்ப்போம் என்று ரிங் முழுவதையும் டம்ப் எடுத்தோம். ஒரு டிஸ்கிரிப்டர் 16 பைட், மொத்தம் 256. கணக்காக 4,096 பைட், ஒரு பக்கம். டிரைவர் கொடுத்த முகவரி ஐந்து எஃப், அப்புறம் மூன்று சைபர். அதாவது 4 ஜிபி எல்லைக்குக் கீழே உள்ள கடைசிப் பக்கம். இதில் தப்பில்லை. லினக்ஸ் கார்டுக்கான எண்களை 4 ஜிபியிலிருந்து கீழ்நோக்கித்தான் கொடுத்துக்கொண்டு வரும். ஆனால் டம்ப்பில் இருந்தது எங்கள் டிஸ்கிரிப்டர் இல்லை, ஏதோ குப்பை. கடைசி டிஸ்கிரிப்டரில் மட்டும் படிக்கக்கூடிய எழுத்துகள்: 06/23/99.

அந்தத் தேதியை எனக்குத் தெரியும். க்யூஎமு வழக்கமாகப் பயன்படுத்தும் சீபயாஸ் (கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் நிரல்) தன் ரோமின் கடைசியில் எழுதி வைத்திருக்கும் தேதி அது. பிசியில் 4 ஜிபி எல்லைக்குச் சற்றுக் கீழே பயாஸ் ரோம் உட்கார்ந்திருக்கும். சிபியு கண் விழிக்கும் இடமே எல்லைக்கு 16 பைட் முன்னால்தான். ஆக எங்கள் கார்டு டிரைவரின் ரிங்கை விட்டுவிட்டு பயாஸைப் படித்துக்கொண்டிருந்தது. தம்பி மாதிரியில் 'சிபியு பிசிக்கல் மெமரி ரீட்' என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டிருந்தான். அது கார்டு கொடுத்த எண்ணை அப்படியே உண்மையான முகவரி என்று எடுத்துக்கொள்ளும், பதிவேட்டைப் பார்க்காது. கூப்பிட வேண்டியது 'பிசிஐ டிஎம்ஏ ரீட்'. அதுதான் அந்தக் கார்டின் சொந்த முகவரி வெளி வழியாக, ஐஓஎம்எம்யுவிடம் கேட்டுப் போகும். ஒரு வரி மாற்றினோம், ஓடியது.

இதைவிடப் பெரிய பிழை என்னுடைய டிரைவரில் இருந்தது. கார்டை ரீசெட் செய்யும் பாதையில், கார்டை நிறுத்தச் சொல்வதற்கு முன்பே ரிசீவ் பஃபர்களை அன்மேப் செய்துவிட்டேன், அதாவது அட்டவணையிலிருந்து எடுத்துவிட்டேன். அந்த இடைவெளியில் ஒரு பாக்கெட் வந்தால் கார்டு எழுதும் இடம் அதற்குள் வேறு யாருக்கோ போயிருக்கும். ஐஓஎம்எம்யு இல்லாத விஎம்மில் இது சத்தமில்லாமல் நடக்கும். எங்கோ ஒரு ஃபைல் கெட்டுப்போகும், காரணத்தைக் கண்டுபிடிக்க நாட்கணக்காகும். என் விஎம்மின் கர்னல் லாகான டிமெஸ்ஜில் உடனே வந்துவிட்டது: டிஎம்ஏ ரைட், கார்டின் எண், முகவரி, 'ஃபால்ட் ரீசன் 05, பிடிஇ ரைட் ஆக்சஸ் இஸ் நாட் செட்'. அந்த இடத்தில் எழுத அட்டவணையில் அனுமதி இல்லை என்று பொருள். இதுவே நிஜச் சிப்போடு வாடிக்கையாளர் சர்வரில் நடந்திருந்தால் என்று நினைத்தால் இன்றைக்கும் பதறுகிறது.

இந்தப் பிழை அகப்பட இன்னொரு காரணமும் உண்டு. நான் 'கேச்சிங்-மோட்=ஆன்' போட்டு ஓட்டுகிறேன். நிஜக் கார்டை லினக்ஸின் விஎஃப்ஐஓ வழியாக விஎம்முக்குக் கொடுக்க வேண்டுமானால் இது கட்டாயம். விருந்தினர் அட்டவணையில் புதிதாக ஒரு வரி சேர்ந்தாலும் க்யூஎமுவுக்குத் தெரிந்தால்தான் அதை ஹோஸ்டின் (க்யூஎமு ஓடும் நிஜக் கணினியின்) உண்மையான ஐஓஎம்எம்யுவிலும் எழுத முடியும். இதைப் பார்த்ததும் லினக்ஸ் 'ஐஓஎம்எம்யு பேட்சிங் டிஸ்அலவ்டு டியூ டு விர்ச்சுவலைசேஷன்' என்று சொல்லிவிட்டு, அன்மேப் செய்தவுடன் பழைய விடையை அழித்துவிடும். அழிப்புகளைச் சேர்த்துவைத்து மொத்தமாகச் செய்யும் சோம்பல் முறையில் அந்த அழிப்பு 10 மில்லிசெகண்டு வரை தள்ளிப்போகலாம். என்னுடையதைப் போன்ற பிழை ஒளிந்துகொள்ள அந்த 10 மில்லிசெகண்டே போதும்.

தொந்தரவுகளும் உண்டு. முதலில் வேகம். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் மேப், அன்மேப் நடக்கும் சாதாரணக் கர்னல் டிரைவரில் வேகம் நன்றாகவே அடிவாங்கும். கர்னலை விட்டுவிட்டுப் பாக்கெட்டுகளை நேராகக் கையாளும் டிபிடிகே போல ஆரம்பத்திலேயே மேப் செய்துவிட்டு அப்படியே வைத்திருக்கும் வேலைகளில் அவ்வளவாகத் தெரியாது. விஎம்முக்கென்றே உருவான விர்ட்ஐஓ கார்டுகளுக்கு 'ஐஓஎம்எம்யு_பிளாட்ஃபார்ம்=ஆன்' தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அவை ஐஓஎம்எம்யுவைச் சுற்றிக்கொண்டு நேராகப் போய்விடும், எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறதென்று நாம் நம்பிக்கொண்டிருப்போம். விஎஃப்ஐஓ கார்டுக்கு முன்னால் ஐஓஎம்எம்யுவை எழுத வேண்டும் என்ற வரிசையும் முக்கியம். ஆடிச் சாரலில் கரண்ட் போய் வந்த ஒரு ராத்திரி, கட்டளையைக் கையால் அடித்து வரிசையை மாற்றிவிட்டேன். அரை நாள் போனது. அன்றிலிருந்து எல்லாம் ஸ்கிரிப்ட்டில்தான்.

லாக் செய்யும், அதாவது இடம் மாறாதபடி ராமில் பூட்டிவைக்கும், மெமரியின் வரம்பையும் கவனியுங்கள். ஐஓஎம்எம்யு இருந்தால் ஒவ்வொரு விஎஃப்ஐஓ கார்டுக்கும் தனி முகவரி வெளி, ஒவ்வொன்றுக்கும் தனிக் கணக்கு. 8 ஜிபி விஎம்மில் இரண்டு கார்டு கொடுத்தால் கணக்கில் 16 ஜிபி ஆகிவிடும். 'கேனாட் அலோகேட் மெமரி' என்று வந்தால் ராம் போதவில்லையோ என்று தேடாமல் முதலில் இந்த வரம்பைப் பாருங்கள். இதைப் போலவே குழப்பும் இன்னொரு எரர் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்'. டிஸ்க்குக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. விஎஃப்ஐஓவில் ஒரு கன்டெய்னருக்கு 65,535 மேப்பிங் என்பது இயல்பு வரம்பு. விருந்தினர் சின்னச் சின்னப் பக்கங்களாக மேப் செய்தால் அது தீர்ந்துவிடும். மாட்யூலின் 'டிஎம்ஏ_என்ட்ரி_லிமிட்' அளவுருவைக் கூட்டினால் சரியாகிவிடும்.

பிழை தேட எனக்கு அதிகம் உதவியவை இரண்டு. க்யூஎமு மானிட்டரில் 'இன்ஃபோ எம்ட்ரீ -எஃப்' அடித்தால் எந்தக் கார்டு எந்த முகவரி வெளியில் இருக்கிறதென்று தெரிந்துவிடும். 'விடிடி' என்று தொடங்கும் டிரேஸ்களைத் திறந்துவிட்டால் அட்டவணை நடை ஒவ்வொன்றையும் பார்க்கலாம். லாக் மளமளவென்று பெருகும், ஒரு நிமிடத்துக்கு மேல் திறந்து வைக்காதீர்கள்.

ஆர்ம் விஎம்மில் வேலை செய்கிறவர்களுக்கு க்யூஎமு 2.12 பதிப்பிலிருந்து ஆர்மின் ஐஓஎம்எம்யுவான எஸ்எம்எம்யுவி3 இருக்கிறது. 5.0-இல் வந்த விர்ட்ஐஓ-ஐஓஎம்எம்யு, மேப், அன்மேப் என்று நேராகக் கேட்டு வாங்குகிற முறை. கொஞ்சம்தான் ஓட்டியிருக்கிறேன், இன்னும் சில மாதம் போகட்டும்.

புளியரைத் தம்பியும் இப்போது எந்தப் புதுக் கோடாக இருந்தாலும் முதல் ஓட்டத்தையே ஐஓஎம்எம்யு போட்டுத்தான் ஓட்டுகிறான். நேற்று அனுப்பிய லாகில் ஃபால்ட் ரீசன் 06 ஒன்று இருந்தது. கார்டு ரிங்கைத் தாண்டி அடுத்த பக்கத்தைப் படிக்கப் போயிருக்கிறது. நான் கேட்பதற்குள் அடுத்த மெசேஜ் வந்துவிட்டது: "அண்ணே, 255 வரைக்கும்தான் போகணும், நான் 256 வரைக்கும் விட்டுட்டேன். திருத்தி அனுப்பிருக்கேன்."