"கேஸ் முடிஞ்சுது" என்று சொல்லும் கராஜ்களிடம் கவனம்: டபிள் கப் வைத்திருப்போருக்கு

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் டபிள் கப், பிக்கப் வைத்திருக்கிற எல்லாரும் இதைத் தயவுசெய்து கடைசிவரை வாசியுங்கள். ஏசி குளிரவில்லை என்று போனவர்களிடம் ஏ9 வீதியோரக் கராஜ் ஒன்று எப்படிக் காசு பிடுங்குகிறது என்பதை நடந்தபடியே எழுதுகிறேன்.

எங்களுடையது பழைய டீசல் டபிள் கப். பசளை, விதைநெல் ஏற்றுவதும் அதில்தான், மாமியை வவுனியா ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குக் கொண்டுபோவதும் அதில்தான். மாமிக்கு இழுப்பு இருக்கிறது. சோழகம் அடிக்கிற மாதங்களில் ஒட்டுசுட்டான் உள்வீதிகளில் கண்ணாடியை இறக்கினால் கிறவல் புழுதி முழுக்க உள்ளே வந்துவிடும், அன்றிரவு அவவுக்கு மூச்சுவிட ஏலாது. எங்களுக்கு ஏசி சொகுசுக்கான சாமான் இல்லை.

சிறுபோக அறுவடை நேரம் குளிர் குறையத் தொடங்கியது. ஓடும்போது ஓரளவு குளிரும். மாங்குளம் சந்தியில் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் வெறும் சூட்டுக் காற்று. இந்த வித்தியாசத்தை ஒன்றுவிடாமல் கராஜில் சொன்னேன். அந்தப் பெடியன் பொனட்டைத் திறந்து ஒரு குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கேஸ் முடிஞ்சுது அண்ணை, அடிச்சாச் சரி" என்றான்.

"லீக் இருக்கோ எண்டு பாத்தனீரோ தம்பி?"

"அது எல்லா வாகனத்திலயும் வருசத்துக்கொருக்கா முடியிறதுதான் அண்ணை."

இது முழுப்பொய். ஏசி கேஸ் டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய குழாய்களுக்குள் ஆவியாகவும் திரவமாகவும் மாறி மாறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். ரப்பர் குழாய்கள் வழியே மிகச் சிறிதளவு கசியும்தான், ஆனால் அது தெரிய வருடங்கள் எடுக்கும். சில கிழமையில் கேஸ் குறைகிறதென்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது. ஓட்டையைத் தேடாமல் கேஸ் அடிப்பவர், நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று தெரிந்தே அடிக்கிறார்.

எங்களுக்கும் அதுதான் நடந்தது. ஒரு டின்னைக் கொழுவி அடித்தார்கள். எவ்வளவு போனது என்று நிறுக்கவில்லை, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சி எடுக்கிற வாக்குவமும் பண்ணவில்லை. கொஞ்சக் காலம் நன்றாகக் குளிர்ந்து மறுபடி குறைந்தது. திரும்பப் போனபோது கதை மாறிவிட்டது: "கொம்பிரசர் போட்டுது." கேஸை அமுக்கிச் சுற்றவிடுகிற பம்ப்தான் கொம்பிரசர். பாவித்ததைத் திருத்தியெடுத்த ரீகண்டிஷன் கொம்பிரசர் ஒன்றைப் பூட்டி, திரும்பவும் கேஸ் அடித்து, 85,000 ரூபா வாங்கினார்கள். கழற்றிய பழையதைக் கேட்டேன். "அதை இரும்புக்குப் போட்டாச்சு" என்றார் முதலாளி. வாகனம் இன்னும் கராஜ் வாசலைத் தாண்டவில்லை, அதற்குள் இரும்புக்குப் போய்விட்டதாம். பில் கேட்டதற்குக் கொப்பித் தாளில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

அதற்குப் பிறகு ஏசி முந்தியதைவிட மோசம். நின்றால் மட்டுமல்ல, மெதுவாக ஓடினாலும் சூடு. கொம்பிரசரிலிருந்து புதிதாக ஒரு உறுமல் வேறு.

கடைசியில் வவுனியாவில் ஏசி வேலை மட்டும் செய்கிற ஒரு ஐயாவிடம் கொண்டுபோனேன். அவர் முதலில் செய்தது, கேஸ் அழுத்தம் பார்க்கிற மீற்றரை அழுத்தம் கூடிய, குறைந்த இரண்டு பக்கமும் பூட்டிப் பார்த்தது. அழுத்தம் கூடிய பக்கத்து முள் இருக்கவேண்டிய இடத்தைவிட எவ்வளவோ மேலே நின்றது. கேஸ் அளவுக்கு மிஞ்சி அடித்திருக்கிறார்கள் என்றார். கேஸ் கூடினாலும் குளிர் குறையும் என்பது பலருக்குத் தெரியாது.

பிறகு முன் கிறில்லுக்குள் ரோச் அடித்துக் காட்டினார். ரேடியேற்றருக்கு முன்னால் நிற்கிற கொண்டென்சரின் மெல்லிய தகடுகளுக்கிடையே செம்புழுதி, நெல் உமி, செத்த பூச்சி எல்லாம் சேர்ந்து இறுகிப்போய், அப்பம் மாதிரி ஒரு படை. வெப்பத்தை வெளியே விடவேண்டிய இடமே அதுதான். வாகனம் ஓடும்போது எதிர்க்காற்று கொஞ்சமாவது புகும், நின்றால் விசிறி இழுக்கிற காற்று போதாது. நான் முதல்நாள் சொன்ன அறிகுறிக்கு விடை அங்கேதான் இருந்தது, அந்தக் கராஜில் ஒருவரும் குனிந்து பார்க்கவில்லை. குறைந்த அழுத்தத்தில் எஞ்சின் பக்கத்திலிருந்து முன்னுக்குத் தண்ணீர் அடித்தார். நிலத்தில் ஓடியது செந்நிறச் சேறு. அழுத்தம் கூட்டி அடித்தால் தகடுகள் மடங்கிவிடுமாம், சேர்விஸ் நிலையத்தில் கழுவக் கொடுப்பவர்கள் இதைச் சொல்லிவிடுங்கள்.

ஓட்டையையும் அவரே கண்டுபிடித்தார். கேஸ் அடிக்கிற வாயில் மூடி இல்லை. சவர்க்கார நுரையை வைத்ததும் சின்னச் சின்னக் குமிழ் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பியது. உள்ளே, சைக்கிள் ரியூப் வால்வில் இருப்பது போன்ற ஒரு சிறு ஊசி. அது தேய்ந்திருந்தது. மாற்ற ஆனது சில நூறு ரூபா.

இருந்த கேஸை மெசினால் இழுத்தெடுத்து, அரை மணித்தியாலத்துக்குமேல் வாக்குவம் போட்டு, முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுத்திருந்து பார்த்தார். பிறகு பொனட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைத் துடைத்து வாசித்து, அதிலுள்ள கிராம் கணக்கின்படி தராசில் வைத்து ஆர்134ஏ கேஸ் விட்டார். உங்கள் வாகனத்திலும் அந்த ஸ்டிக்கர் பெரும்பாலும் இருக்கும், எந்தக் கேஸ், எத்தனை கிராம் என்று அதில் போட்டிருக்கும். கராஜுக்குப் போகுமுன் போனில் படம் எடுத்து வைத்திருங்கள். கேஸ் விடுபவர் அதைக் கேட்கவில்லையென்றால், தராசும் இல்லையென்றால், வாகனத்தைத் திருப்பிக்கொண்டு வாருங்கள்.

ஏசி இப்போது நின்றாலும் குளிர்கிறது. உறுமல் போகவில்லை. பழைய கொம்பிரசர் பழுதாகவே இருக்கவில்லை என்பது என் எண்ணம், ஐயாவும் அப்படித்தான் நினைக்கிறார். ஆனால் அது கையில் இல்லாமல் எப்படி நிரூபிப்பது? பழைய சாமானைத் தரமாட்டேன் என்பதன் நோக்கமே அதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். வேலை தொடங்கமுன்னமே "கழற்றுவதை என்னிடம் தாருங்கள்" என்று சொல்லி வையுங்கள்.

இன்னொன்று. காற்று வரும் வேகமே குறைவென்றால் அது கேஸ் பிரச்சினையாக இருக்க வாய்ப்புக் குறைவு. டாஷ்போட் பெட்டிக்குப் பின்னால் காற்று வடிகட்டி உள்ள வாகனங்களில் முதலில் அதைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீதிப் புழுதிக்கு அது கெதியாக அடைத்துவிடும். கையாலேயே மாற்றலாம்.

கராஜின் பெயரை இங்கே போடவில்லை, கொமென்ரில் கேட்கவும் வேண்டாம். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவை பெற்று மூன்று மாதத்துக்குள் முறையிடவேண்டும், கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது வியாபாரியின் கடமை. தொலைபேசி இலக்கம் 1977. இதே மாதிரிக் கொம்பிரசர் மாற்றி, பழையதைத் தர மறுக்கப்பட்டவர்கள் இருந்தால், அந்த மூன்று மாதம் கடக்கமுன் கையில் இருக்கிற பில் துண்டையாவது எடுத்துக்கொண்டு போய் எழுதிக் கொடுங்கள்.