லாரா பௌசினியின் முதல் இசைத்தொகுப்பு: பதினெட்டு வயதுக் குரலின் வலிமை

இத்தாலியின் சான்ரேமோ பாட்டுப் போட்டியில் 1993-ஆம் ஆண்டு புதுமுகங்கள் பிரிவில் முதலிடம் பெற்றபோது லாரா பௌசினிக்கு வயது பதினெட்டு. சொலரோலோ என்னும் சிற்றூரில் வளர்ந்து, உணவகங்களில் பியானோ வாசித்துப் பாடிவந்த தந்தையுடன் சிறுவயதிலேயே மேடையேறிப் பழகியவர் என்பதால், அதே ஆண்டில் வெளிவந்த இம்முதல் தொகுப்பில் மேடைக் கூச்சத்தின் சாயல் எங்குமே இல்லை.

போட்டியில் வென்ற ‘லா சொலிதூதினே’ என்ற பாடலுக்காகவே இதை வாங்கலாம். மார்க்கோ என்னும் பையன் ஊரைவிட்டுப் போய்விட, அவன் வராத காலை ஏழரை மணி ரயிலைப் பற்றிய வரிகளைத் தாழ்ந்த குரலில், கிட்டத்தட்டப் பேசுவதுபோலத் தொடங்குகிறார்; பல்லவி வந்ததும் அடக்கிவைத்ததெல்லாம் உடைந்து குரல் மேலே பாய்கிறது. மொழி தெரியாதவர்க்கும் அந்த இடத்தில் தொண்டை அடைக்கும்.

மொத்தம் எட்டே பாடல்கள். ‘நோன் சே’ அடுத்தபடியாக மனத்தில் நிற்கிறது. மற்றவற்றில் சில, ஒரே அச்சில் வார்த்தவைபோல ஒலிக்கின்றன. கீபோர்டு ஒலிகளில் தொண்ணூறுகளின் பளபளப்பு சற்றுத் தூக்கலாகவே இருக்கிறது (எனக்கு அது பிடிக்கும், எல்லோருக்கும் பிடிக்குமா என்பது வேறு). உச்சத்தில் குரலை முழுவதுமாகத் திறந்துவிடும் பழக்கம் சில இடங்களில் மிகையாகத் தோன்றினாலும், 1994-இல் அதே சான்ரேமோவின் முதன்மைப் பிரிவில் ‘ஸ்த்ரானி அமோரி’யைப் பாடி மூன்றாமிடம் பெற்றபோது அதில் ஒரு நிதானம் கூடியிருந்தது. ஆகவே, இதைக் கேட்டவர்கள் அந்தப் பாடல் இடம்பெற்ற அடுத்த தொகுப்பையும் சேர்த்தே வாங்குவது நல்லது.